மாடல் ரயிலுக்கு ஓர் ஊர் வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் கேம்ஸ். இரண்டாவது மாதம் பாட்டும் சினிமாவும். மூன்றாவது மாதம் "இதில் வேறு என்னதான் செய்யலாம்?" என்ற கேள்வி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். லெட்டர் டைப் செய்வதும் வீட்டுக் கணக்குப் போடுவதும் இருக்கட்டும். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சேர்ந்தால் கையால் தொட்டுப் பார்க்கும்படியான ஒரு பொருளையே செய்து விடலாம். அதற்கு உதாரணமாக இந்த மாதம் மாடல் ரயிலை எடுத்துக் கொள்வோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பள்ளி மாணவர் முதல் பேரன் எடுத்த தாத்தா வரை ஈடுபடும் பொழுதுபோக்கு இது.

ரயிலைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. ரயில் கடையில் கிடைக்கிறது. தண்டவாளமும் கிடைக்கிறது. அந்த ரயில் ஓடும் ஊர் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. மலை, ஆறு, செங்கல் வீடு, வானம் எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும். அதில் கம்ப்யூட்டர் எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்று பார்ப்போம். போகிற போக்கில் ஸ்கேல், பிக்ஸல், டிபிஐ, லேயர் என்ற நான்கு சொற்களின் பொருளும் விளங்கி விடும். இந்த நான்கும் புரிந்தவர்களுக்கு போட்டோ பிரிண்ட் எடுப்பதிலும் அழைப்பிதழ் வடிவமைப்பதிலும் இனிமேல் சந்தேகமே வராது.

முதலில் ஸ்கேல்

உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது எச்ஓ என்ற ஸ்கேல். நிஜ ரயிலின் அளவை 87-ஆல் வகுத்தால் எச்ஓ அளவு வந்து விடும். இதை 1:87 என்று எழுதுவார்கள். இங்கிலாந்தில் இதைவிடச் சற்றுப் பெரிய ஓஓ ஸ்கேல், அதாவது 1:76 பிரபலம். இடம் குறைவாக உள்ளவர்கள் 1:160 அளவுள்ள என் ஸ்கேலுக்குப் போவார்கள்.

இதற்கு ஒரு சின்ன அட்டவணை தயாரித்து வைத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. ஏ2 செல்லில் நிஜ அளவை மீட்டரில் டைப் செய்யுங்கள். பி2 செல்லில் சமம் குறி போட்டு, ஏ2 செல்லை ஒருமுறை கிளிக் செய்து, அதைத் தொடர்ந்து *1000/87 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எச்ஓ அளவு மில்லிமீட்டரில் வந்து நிற்கும். பி2 செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து மௌஸால் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் ஃபார்முலா நகலாகி விடும்.

இப்போது சில அளவுகளைப் போட்டுப் பாருங்கள். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 2 செ.மீ. கூட இல்லை. சரி, பரவாயில்லை. 20 மீட்டர் மரம் 23 செ.மீ. வருகிறதே! கடையில் விற்கும் மாடல் மரங்களில் பலவும் 10 செ.மீ.க்கு மேல் இருப்பதில்லை. காட்டில் நிற்கும் பெரிய மரங்கள் மாடலில் புதர்களாகி விடுவது இப்படித்தான். அடுத்து 1000 என்று போடுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரம் பதினொன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஹாலும் சமையலறையும் சேர்ந்தால்கூட இரண்டு நிஜ ஸ்டேஷன்களை அவற்றின் உண்மையான இடைவெளியில் வைக்க முடியாது.

காட்சி எதற்கு என்ற கேள்விக்கான விடை இந்த அட்டவணையிலேயே இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில், எச்ஓ அளவில் நொடிக்குச் சுமார் 25 செ.மீ. நகரும். எட்டு அடி மேஜையைப் பத்து நொடிக்குள் கடந்து விடும். வளைவுகள் இன்னும் மோசம். நிஜ மெயின் லைனில் வளைவின் ஆரம் பல நூறு மீட்டர் இருக்கும். மேஜை மேல் நாம் போடும் வளைவின் ஆரம் பதினெட்டு அங்குலம். அதை 87-ஆல் பெருக்கினால் 40 மீட்டர் வருகிறது. அப்படிப்பட்ட வளைவில் எந்த நிஜ எக்ஸ்பிரஸும் திரும்பாது. ஆகவே வெறும் பலகையில் ஓடும் ரயில் என்ன செய்தாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

அங்கே ஒரு குன்றை வையுங்கள். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து மறைகிறது. கூர்மையான வளைவு குன்றுக்கு அடியில் ஒளிந்து கொண்டது. ரயில் மறுபக்கம் வெளிவர ஐந்து நொடி ஆனால், அந்த ஐந்து நொடியில் பார்ப்பவர் மனத்தில் பல மைல் தூரம் ஓடி முடிகிறது. வெளிவரும் இடத்தில் வேறு நிற மண், வேறு விதமான மரங்கள், வேறு விதமான கூரைகள் இருந்தால் ரயில் வேறு ஊருக்கு வந்து விட்டது. தண்டவாளத்தின் நீளம் ஓர் அடிகூடக் கூடவில்லை.

மேஜைக்கு மேலே, மேஜைக்குக் கீழே

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மாடல் ரயில் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று நாம் பயன்படுத்தும் "ஹேக்கர்" என்ற சொல்லின் கம்ப்யூட்டர் அர்த்தம் ஒரு மாடல் ரயில் கிளப்பிலிருந்துதான் பரவியது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1946-ல் தொடங்கிய டெக் மாடல் ரயில்ரோட் கிளப் அது. அதன் கதையை ஸ்டீவன் லெவி 1984-ல் வெளியிட்ட "ஹேக்கர்ஸ்" புத்தகத்தில் விரிவாகச் சொல்கிறார்.

அந்த கிளப்பில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும், மலையும் ஊரும் அமைக்கும். மற்றொரு கோஷ்டிக்கு மேஜைக்கு அடியில்தான் வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களும் வயர்களும் பின்னிப் பிணைந்த ஒரு பெரிய கன்ட்ரோல் சிஸ்டம் அங்கே இருந்தது. இவர்களுக்கு மேலே ரயில் ஓடுவதைவிட, அது எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். 1950களின் இறுதியில் எம்ஐடிக்கு வந்த டிஎக்ஸ்-0 கம்ப்யூட்டரிலும், 1961-ல் வந்த பிடிபி-1 கம்ப்யூட்டரிலும் இரவு பகலாக உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டாவது கோஷ்டியினர்தான்.

நானும் சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் மேஜைக்குக் கீழே உள்ளவர்கள் பக்கம்தான் எனக்குச் சாய்வு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1-ல் "ஸ்பேஸ்வார்" என்ற கேமை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் கேம். கறுப்புத் திரையில் கலம் மெதுவாக நகர்ந்தால், அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எனவே பின்னணியில் சில புள்ளிகளை இஷ்டம்போல் தூவி, நட்சத்திரங்கள் என்றார் ரஸ்ஸல். இந்த இஷ்டம்போல் தூவிய வானம் பீட்டர் சாம்ஸன் என்பவருக்குப் பிடிக்கவில்லை. அவரும் அதே ரயில் கிளப் ஆசாமி, அதே மேஜைக்குக் கீழ்க் கோஷ்டி. நிஜ வானத்தின் நட்சத்திரங்களை, பிரகாசத்தில் உள்ள வேறுபாடு உட்பட, சரியான இடத்தில் காட்டும் ஒரு புரோகிராமை எழுதிச் சேர்த்தார். "எக்ஸ்பென்ஸிவ் பிளானடேரியம்" என்று அதற்குக் கேலியாகப் பெயர்.

அந்த நட்சத்திரங்களில் எதையும் சுட முடியாது, எதிலும் மோத முடியாது. கேமின் விதிகளுக்கு அவை தேவையே இல்லை. ஆனாலும் பின்னணி இல்லாமல் கலம் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. மாடல் ரயிலில் மலையும் மரமும் செய்யும் வேலையும் இதுவே.

ஜான் ஆலனின் மலைகள்

காட்சி அமைப்பில் பலருக்கும் குருவாக விளங்கியவர் அமெரிக்கர் ஜான் ஆலன். 1913-ல் பிறந்த இவருக்குத் தொழில் போட்டோகிராபி. கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் தன் வீட்டின் அடித்தளத்தில் எச்ஓ அளவில் ஒரு ரயில் பாதை அமைத்தார். "கோரி அண்ட் டிஃபீட்டட்" என்று அதற்குப் பெயர். "ரத்தக் களறியாகித் தோற்றுப்போனது" என்ற அர்த்தம் தொனிக்கும் பெயரை, ஸ்பெல்லிங்கை மட்டும் மாற்றி நிஜ ஊர்ப் பெயர்கள் போல எழுதி வைத்தார். அந்தக் குறும்பு பாதை முழுவதும் இருந்தது. ஷன்டிங் வேலைக்கு எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்ற டைனோசரை நிறுத்தியிருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

அவருடைய மலைகள் தரையிலிருந்து கூரையை நோக்கி எழுந்தன. மலைக்கு முன்னால் ரயில் சிறியதாகத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன்பு பலர் செய்தது நேர்மாறாக. ரயிலுக்கு அலங்காரமாக ஒரு சின்னக் குன்றை வைப்பார்கள், குன்றைவிட எஞ்சின் பெரியதாக இருக்கும். பின்னால் இருக்கும் கட்டடங்களைச் சிறிய ஸ்கேலில் செய்து தூரத்தில் இருப்பது போலக் காட்டும் உத்தியை அவர் அழகாகக் கையாண்டார். கண்ணாடிகளை மறைவாக வைத்து ஒரு தெருவை இரண்டு மடங்கு நீளமாக்கிக் காட்டினார். புதுப் பெட்டிகளில் துருவும் புகையும் படிந்தது போல நிறம் பூசும் "வெதரிங்" என்ற கலை பரவியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கலை என்று போனவருக்கு ரயில் இயக்கத்தில் அக்கறை இருக்காது என்று நினைத்து விட வேண்டாம். "டைம்சேவர்" என்ற ஷன்டிங் புதிரை உருவாக்கியவரும் இவர்தான். சில ஸ்விட்சுகள், சில பெட்டிகள், மிகக் குறைந்த இடம். எல்லாப் பெட்டிகளையும் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும். புரோகிராமிங் படிக்கும் மாணவர்கள் இதைக் கம்ப்யூட்டரில் தீர்க்க முயன்று பார்க்கலாம், நல்ல பயிற்சி.

1973 ஜனவரியில் ஜான் ஆலன் காலமானார். பத்து நாட்களில் வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில் பாதை அழிந்து போனது. மாடல் ரயில்காரர்கள் இன்றும் அந்தப் பாதையின் ஒவ்வொரு பாலத்தையும் பள்ளத்தாக்கையும் அடையாளம் சொல்கிறார்கள். காரணம், ஆலன் போட்டோகிராபராக இருந்ததுதான். தான் செய்தவற்றைப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். லின் வெஸ்ட்காட் என்ற பத்திரிகை ஆசிரியர் அவற்றைத் தொகுத்து எழுதிய புத்தகம் 1981-ல் வெளியானது. போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைத்துக் கொள்ளாமல் ஒரு காப்பியை வேறு இடத்திலும் வையுங்கள் என்று இந்தப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதுவதைப் படித்திருப்பீர்கள். ஆலனின் படங்கள் அவர் வீட்டுக்கு வெளியே, அச்சுப் பிரதிகளில் இருந்தன.

இங்கிலாந்தில் இதே கலை வேறொரு காரணத்துக்காக வளர்ந்தது. ராய் இங்லண்ட் என்ற இளைஞர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்கின் ஓலைக்கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதைப் பார்த்தார். அவை மறைவதற்குள் அளந்து, 1:76 அளவில் அட்டையில் செய்து வைத்து விட வேண்டும் என்று முடிவு செய்தார். லாங் விட்டன்ஹம் கிராமத்தில் 1954-ல் இதற்காகத் தொடங்கிய பென்டன் மியூசியத்தில் தன்னார்வலர்கள் இன்றும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். செங்கல் செங்கலாகக் கோடு கீறி, வாட்டர் கலரில் வண்ணம் தீட்டிய வீடுகள் அவை. ஒரு வீட்டுக்குப் பல மாதங்கள் ஆகும். 1930களின் இறுதியில் ஜான் ஏஹர்ன் அமைத்த மேடர் வேலி என்ற புகழ்பெற்ற மாடல் பாதையும் அதே மியூசியத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது.

நமக்கு அவ்வளவு பொறுமை எங்கே இருக்கிறது என்கிறீர்களா? சரி, பிரிண்டரை ஆன் செய்யுங்கள்.

செங்கல் சுவரை பிரிண்ட் எடுப்போம்

இதற்கு ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். இதை அதன் அதிகாரப்பூர்வ வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. இங்கிலாந்துச் செங்கல் ஒன்றைச் சாந்து இடைவெளியோடு சேர்த்தால் சுமார் 225 மி.மீ. நீளம், 75 மி.மீ. உயரம். இதை 76-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3 மி.மீ.க்கு 1 மி.மீ. வருகிறது. நினைவில் வைக்க வசதியான அளவு.

அடுத்து இந்த மில்லிமீட்டரை பிக்ஸலாக மாற்ற வேண்டும். திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, அந்தப் புள்ளிதான் பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்குச் சொந்தமாக அளவு கிடையாது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்ஸலை அச்சிட வேண்டும் என்று நாம் சொல்லும்போதுதான் அதற்கு அளவு வருகிறது. அந்த எண்ணிக்கைதான் டிபிஐ. 300 டிபிஐ என்றால் 25.4 மி.மீ.க்குள் 300 புள்ளிகள், அதாவது 1 மி.மீ.க்குச் சுமார் 12 புள்ளிகள். ஆக ஒரு செங்கல் 36 பிக்ஸல் நீளம், 12 பிக்ஸல் உயரம்.

ஜிம்ப்பில் ஃபைல் மெனுவில் நியூ கிளிக் செய்து, 144 பிக்ஸல் அகலம், 96 பிக்ஸல் உயரம் உள்ள ஒரு புதிய படத்தைத் திறங்கள். நான்கு செங்கல் அகலம், எட்டு வரிசை உயரம். ஒரே ஒரு செங்கலை வரைந்து நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் சுவர் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கும். முப்பத்திரண்டு செங்கல்களை வரைந்து, அவற்றில் ஐந்தாறை மட்டும் கொஞ்சம் கருப்பாகவும் இரண்டை மஞ்சள் கலந்த சிவப்பாகவும் மாற்றினால்தான் அது சூளையில் வெந்த செங்கல்.

படம் முழுவதையும் முதலில் சாந்தின் நிறத்தால் நிரப்புங்கள். வெள்ளை வேண்டாம், அழுக்கான சாம்பல் போதும். பிறகு ரெக்டாங்கிள் செலக்ட் டூலால் 34 க்கு 10 பிக்ஸல் கட்டம் ஒன்றைத் தேர்வு செய்து செங்கல் நிறத்தால் நிரப்புங்கள். இரண்டு பிக்ஸல் இடைவெளி விட்டு அடுத்தது. இரண்டாவது வரிசையை 18 பிக்ஸல் தள்ளி ஆரம்பியுங்கள். வரிசையின் வலது ஓரத்தில் பாதிச் செங்கல் வெட்டுப்பட்டால் அதன் மறுபாதி இடது ஓரத்தில் வர வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் பக்கமாக வைக்கும்போது இணைப்பு தெரியாது. வியூ மெனுவில் கிரிட்டைக் காட்டச் சொல்லி, ஸ்னாப் டு கிரிட்டையும் ஆன் செய்து கொண்டால் கை நடுங்கினாலும் கோடு நடுங்காது.

முடிந்ததும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி செய்யுங்கள். இப்போது மீண்டும் ஃபைல், நியூ. டெம்ப்ளேட் என்ற இடத்தில் ஏ4, 300 பிபிஐ என்று இருக்கும், அதைத் தேர்வு செய்யுங்கள். 2480 க்கு 3508 பிக்ஸல் அளவில் ஒரு வெள்ளைத் தாள் திறக்கும். பேட்டர்ன்ஸ் பட்டியலில் நீங்கள் இப்போது காப்பி செய்த படமே முதலில் இருக்கும். அதைக் கிளிக் செய்து, எடிட் மெனுவில் ஃபில் வித் பேட்டர்ன் கொடுங்கள். ஒரே நொடியில் பென்டன் மியூசியத்தில் மாதக்கணக்கில் கீறும் அளவுக்குச் செங்கல்!

இத்துடன் திருப்தி அடைந்து விடாதீர்கள். இது இன்னும் வால்பேப்பர்தான். நிஜச் சுவரில் அடிப்பகுதி ஈரத்தால் கறுத்திருக்கும், ஜன்னலுக்குக் கீழே மழைநீர் வழிந்த தடம் இருக்கும், ஸ்டேஷன் பக்கத்துச் சுவரென்றால் மேலே கரி படிந்திருக்கும். இவற்றைச் சேர்க்க லேயர் மெனுவில் நியூ லேயர் ஒன்றை ட்ரான்ஸ்பரன்ட் ஆகத் திறங்கள். லேயர் என்பது படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் என்ன வரைந்தாலும் அடியில் உள்ள செங்கலுக்குச் சேதம் இல்லை. பெரிய, மென்மையான பிரஷ்ஷால் கறுப்பைத் தீற்றி விட்டு, அந்த லேயரின் ஒபாசிட்டியை 15 அல்லது 20-க்கு இறக்குங்கள். அதிகமாகி விட்டால் ஒபாசிட்டியைக் குறையுங்கள், அவ்வளவுதான். ஆலன் காலத்தில் பெயின்ட் அதிகமாகி விட்டால் சுவரையே திரும்பச் செய்ய வேண்டும்.

பிரிண்ட் எடுக்கும்போது பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரிண்டரின் டயலாக் பாக்ஸில் "ஃபிட் டு பேஜ்" என்பது டிக் ஆகியிருந்தால், தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காக பிரிண்டர் படத்தைத் தானாகவே சுருக்கி விடும். ஸ்கேல் போச்சு! அந்த டிக்கை எடுத்து விட்டு, அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பிரிண்டைச் சாதாரணத் தாளில் எடுத்து, பத்துச் செங்கலை ஸ்கேல் வைத்து அளந்தால் 30 மி.மீ. இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். 28 என்று வந்தால் எங்கோ சுருங்கியிருக்கிறது.

போட்டோ பேப்பர் வாங்கி விடாதீர்கள். பளபளக்கும் செங்கல் வீட்டை எங்கே பார்த்திருக்கிறோம்? மேட் பேப்பர்தான் சரி. இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கலையும், ஆகவே தண்ணீராக இருக்கும் பசையைத் தவிர்த்து க்ளூ ஸ்டிக்கால் ஒன்றரை மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டுங்கள். ஜன்னல்களை வரைவதோடு நிறுத்தாமல் வெட்டி எடுத்து, ஜன்னல் சட்டத்தை அட்டைக்குப் பின்பக்கம் ஒட்டுங்கள். சுவருக்கு ஆழம் வந்ததும் நிழல் தானாக விழும். அந்த ஒரு நிழலை எந்த பிரிண்டராலும் அச்சிட முடியாது. வெட்டிய ஓரங்களில் வெள்ளைத் தாள் தெரியும், அதற்குக் கலர் பென்சில் ஒரு இழுப்பு.

வானம் எங்கே தொடங்குகிறது?

வீடு தயார். அதற்குப் பின்னால் உங்கள் வீட்டு அலமாரி தெரிந்தால் எல்லாம் வீண். ஒரு பின்னணிப் படம் வேண்டும். இதில் ஓவியர்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களை நாம் கடன் வாங்க வேண்டும்.

தூரத்தில் உள்ள மலை நீலமாகவும் மங்கலாகவும் தெரியும். இடையில் உள்ள காற்றும் தூசியும் ஈரப்பதமும் ஒளியைச் சிதறடிப்பதால் இப்படி. உங்கள் கேமராவில் எடுத்த மலைப் படத்தை ஜிம்ப்பில் திறந்து, அதன் மேல் வெளிர் நீலம் நிரப்பிய ஒரு லேயரை 30 சதவீத ஒபாசிட்டியில் வையுங்கள். கலர்ஸ் மெனுவில் சாச்சுரேஷனையும் கொஞ்சம் குறையுங்கள். மலை பத்து மைல் பின்னால் போய் விடும். வானமும் மேலே அடர்ந்த நீலமாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்க வெளுப்பாகவும் இருக்க வேண்டும், அதற்கு கிரேடியன்ட் டூல் இருக்கிறது.

அடிவானம் எந்த உயரத்தில் வர வேண்டும்? பார்ப்பவரின் கண் மட்டத்தில். மேஜையை உயரமாக வைத்துக் கொண்டால் மாடல் நன்றாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சிறிய மேஜையில் வைத்து மேலிருந்து பார்த்தால் ஹெலிகாப்டரில் போவது போல இருக்கும். பின்னணிப் படத்தில் ரோடு, ரயில் பாதை, வேலி போன்ற நேர்கோடுகள் வேண்டாம் என்பது என் கருத்து. நேராக நின்று பார்த்தால் அவை பொருந்தும், இரண்டடி நகர்ந்து பார்த்தால் ரோடு எங்கேயோ வளைந்து போகும். மரக் கூட்டமும் மலையும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏமாற்றி விடும்.

மேஜையும் படமும் சந்திக்கும் கோடுதான் உண்மையான தலைவலி. அங்கே ஒரு வேலி, ஒரு புதர் வரிசை, ஒரு மேடு வைத்து மறைத்து விட வேண்டும். மூலைகளில் தாளைச் செங்கோணமாக மடிக்காமல் வளைத்து விடுங்கள். வானத்தில் மூலை இருக்காது.

ஆறடி நீளம், ஓரடி உயரம் உள்ள பின்னணிக்கு 300 டிபிஐ தேவையில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதுதானே, 100 டிபிஐ போதும். 7200 க்கு 1200 பிக்ஸல். ஏ4 தாள்களை ஒட்டினால் ஒட்டு தெரியும் என்பதால், இதை மட்டும் பென் டிரைவில் போட்டு டிஜிட்டல் பேனர் அச்சிடும் கடைக்குக் கொண்டு போங்கள். பளபளப்பு இல்லாத மேட் ஷீட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஊர்

மேஜைக்கு இடமில்லை, ரயில் செட் விலையும் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கும் வழி உண்டு. 2001-ல் மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரும், ஆஸ்திரேலியாவிலிருந்து ட்ரெயின்ஸ் என்ற சாஃப்ட்வேரும் வெளிவந்தன. முதலாவது இப்போது கடைகளில் இல்லை, ஆனால் அதற்காகச் செய்த பாதைகளை இயக்கக்கூடிய ஓப்பன் ரெயில்ஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. ட்ரெயின்ஸில் சர்வேயர் என்ற பகுதி இருக்கிறது. மௌஸை அழுத்தி இழுத்தால் தரை மேடாகும், பள்ளமாகும். மேலே புல் பூசலாம், மரம் நடலாம். மேஜையின் அளவு என்ற கட்டுப்பாடு இங்கே கிடையாது. அதனாலேயே இதில் பலர் நூறு மைல் பாதை போட்டு, பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாமல் விட்டு விடுகிறார்கள். ஒரு ஸ்டேஷனையும் அதைச் சுற்றி அரை மைலையும் மட்டும் எடுத்துக் கொண்டு செய்து பாருங்கள்.

இரண்டும் சேர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள மினியேச்சர் வுண்டர்லாண்ட்தான். பிரெடரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஆகஸ்டில் திறந்தார்கள். 15 கிலோமீட்டருக்கும் மேல் எச்ஓ தண்டவாளம், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மனித பொம்மைகள். ரயில்கள், தானாக ஓடும் லாரிகள், 2011-ல் திறந்த விமான நிலையத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் எல்லாமே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில். அரங்கில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்குகள் மங்கி இரவு வருகிறது. வீடுகளில் விளக்கு எரிகிறது. அப்போது ரயில்களைப் பார்த்துக் கொண்டிருந்த கூட்டம் குனிந்து ஜன்னல்களுக்குள் பார்க்கத் தொடங்கி விடும். நம் நாட்டில் பார்க்க நினைப்பவர்கள் புனேயில் கோத்ரூட் பகுதியில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்குப் போகலாம்.

படம் எடுத்துப் பாருங்கள்

வீட்டையும் பின்னணியையும் மேஜையில் வைத்தாகி விட்டதா? உங்கள் மொபைல் கேமராவை எடுத்து, லென்ஸ் தண்டவாளத்தின் மட்டத்துக்கு வரும்படி தலைகீழாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். பெரிய கேமராவைவிட மொபைல்தான் இதற்கு வசதி. லென்ஸ் சிறியதாக இருப்பதால் மாடல் ஊருக்குள்ளேயே வைக்கலாம், முன்னாலும் பின்னாலும் அதிக தூரம் தெளிவாக விழும். படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெரிதாக்கிப் பாருங்கள். மேஜையில் கண்ணுக்குத் தெரியாத குறைகள் எல்லாம் இப்போது தெரியும். சுவர் தரையைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் அந்தரத்தில் நிற்கும். அங்கே கொஞ்சம் மண்ணைத் தூவி, பசையில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு டிராப்பரால் ஊற்றுங்கள். பிரிண்ட் எடுத்த சுவரில் தண்ணீர் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சோப்பு இருப்பதால் பசை உருண்டு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். காய ஓர் இரவு ஆகும். மறுநாள் அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாகத் திறந்து ஒப்பிடுங்கள். செங்கல் ஃபைலை ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் ஃபார்மட்டிலேயே சேவ் செய்து வையுங்கள். ஜேபெக் ஆக மட்டும் சேவ் செய்தால் லேயர்கள் எல்லாம் ஒன்றாகி விடும், அடுத்த வீட்டுக்குக் கரியை மட்டும் மாற்ற முடியாது.